பல்லுக்குத் தப்பிய கோழி

நாயோ கீரியோ கடித்த கோழிக்கு எங்கள் பக்கத்தில் ஒரே வைத்தியம்தான்: கத்தி. "சாகுறதுக்குள்ள அறுத்துப்போடு, குழம்புக்காவது ஆகும்" என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிடும்.

எங்கள் பெட்டைக்கோழியைத் தெருநாய் கவ்வியபோதும் அதையேதான் சொன்னார்கள். முதுகுத்தோல் கிழிந்து உள்ளே சதை தெரிந்தது. அலகைத் திறந்தபடி கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. அத்தைதான், "கத்திய உள்ள வைடா. விடியட்டும், பார்ப்போம்" என்று பஞ்சாரத்தை எடுத்து வந்தாள். கோழியை உள்ளே விட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடினாள்.

அது சரியான வைத்தியம். கடியில் பிழைத்த கோழி அதிர்ச்சியில் செத்துப்போவது உண்டு. இருட்டு, அமைதி, கதகதப்பு, இவைதான் முதல் மருந்து. கைக்குச் சுடுகிறதே, காய்ச்சலோ என்று பதற வேண்டாம். கோழியின் உடம்புச் சூடே சுமார் 41 டிகிரி. நல்ல மனத்தோடுதான் சிலர் அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நாய் தொடங்கியதை நாம் முடித்ததாகிவிடும். கிண்ணத்தில் வைத்தால் தெம்பு வந்ததும் தானே குடிக்கும்.

கிழிசலைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பொல்லாதது பல் இறங்கிய துளை. வெளியே சின்னப் புள்ளி. உள்ளே சீழ் கட்டும். இறகை ஊதி விலக்கி, றெக்கைக்கு அடியிலும் தேட வேண்டும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவி, ரத்தத்தில் ஒட்டிய இறகுகளை நறுக்கிவிட்டு, அயோடின் மருந்து தடவலாம். கழுவாமல் மஞ்சளை அள்ளி அப்பினால் அழுக்கின் மேல்தான் பொருக்கு கட்டும். அத்தை குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் எல்லாம் அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சுவாள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் மாட்டுப் புண்ணுக்குச் சொல்லும் மூலிகை மருந்தும் கிட்டத்தட்ட இதுதான்.

இதற்குப் பிறகு வரும் எதிரி ஈ. வெயில் காலத்தில் ஈ முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும். சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தபோது இறகடியில் நொய்யரிசி போல வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்தோம். பொறுமை வேண்டிய வேலை; கோழிக்கு அது எங்களைவிட அதிகமாகவே இருந்தது.

கூடப் பிறந்த கோழிகளையும் நம்பக்கூடாது. சிவப்பைக் கண்டால் கொத்தியே கொன்றுவிடும். புண் ஆறித் தோல் மூடும்வரை பஞ்சாரத்தில் தனியாகத்தான் இருக்க வேண்டும். மற்றவை கண்ணில் பட்டால் போதும்.

இரைப்பை கிழிந்து குடித்த தண்ணீர் வெளியே வடிந்தாலோ, எலும்பு தெரிந்தாலோ வீட்டு வைத்தியம் பேசாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள். அறுப்பதென்றே முடிவானால் மருந்துக்கு முன்பே அறுத்துவிடுங்கள். ஊசி போட்ட கோழியின் கறியும் முட்டையும் சில நாளைக்கு வீட்டுக்கு ஆகாது. எத்தனை நாள் என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.