13 வாரத்துக்கு ஒரு ஊர்

போன வாரம் என் அண்ணன் மகள் டல்லாஸிலிருந்து போன் செய்தாள். அவளும் என்னைப் போல நர்ஸ்தான். "அத்தை, வேற ஸ்டேட்ல 13 வாரத்துக்கு டிராவல் அசைன்மென்ட் வந்திருக்கு. புள்ளைங்கள அவர் பாத்துக்கறேங்கிறார். எனக்குத்தான் பயமா இருக்கு. போகலாமா?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகுதான், சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

டிராவல் நர்ஸ் என்றால் என்ன என்று நம் ஊரில் பலர் கேட்பார்கள். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறை வந்தால், ஏஜென்சி மூலம் வெளியூர் நர்ஸைக் கொஞ்ச காலத்துக்கு அழைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் 13 வாரம். வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட், ஒவ்வொன்றும் 12 மணி நேரம். சம்பளத்தோடு வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகக் கொடுப்பார்கள். சொந்த ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு அதற்கும் செலவு செய்பவர்களுக்கு அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. உள்ளூர் நர்ஸைவிட கைக்குக் கூடுதலாக வரும். அதனாலேயே உள்ளூர்க்காரர்கள் முதலில் கொஞ்சம் முறைப்பாகத்தான் பார்ப்பார்கள். வேறு வார்டில் ஆள் இல்லையென்றாலும் முதலில் நம்மைத்தான் அனுப்புவார்கள்.

நான் முதன்முதலில் போனது 2009 ஜனவரியில். அப்போது எனக்கு 52 வயது. மதுரையில் படித்து, சவூதியில் வேலை பார்த்து, ஹூஸ்டனில் குடியேறிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. 2008 கடைசியில் என் கணவருக்கு வேலை போய்விட்டது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டுக் கடன் வேறு. நார்த் டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்ற ஊரில் இடம் இருப்பதாக ஏஜென்சியில் சொன்னார்கள். வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். கனடாவுக்குப் பக்கத்தில் இருந்தது. "குளிர் தாங்குவியா?" என்றார் கணவர். "கடனைத் தாங்கறதுக்கு அது பரவாயில்லை" என்றேன்.

இருவருமாகக் காரில் கிளம்பினோம். சுமார் 1,300 மைல். மூன்று நாள் பயணம். என்னை ஒரு சின்ன அபார்ட்மென்டில் விட்டுவிட்டு அவர் விமானத்தில் திரும்பினார். போகும்போது அவர் முகத்தை நானும் பார்க்கவில்லை, என் முகத்தை அவரும் பார்க்கவில்லை.

அந்த ஊரில் பல கார்களுக்கு முன்பக்கம் ஒரு பிளக் தொங்கும். இரவில் அதைக் கரண்டில் சொருகி என்ஜினைச் சூடாக வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் காலையில் வண்டி கிளம்பாது. டெக்ஸாஸ் காருக்கு அந்தப் பிளக் ஏது? பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை போன நாட்கள் உண்டு. பொங்கலன்று அடுப்பில் பால் பொங்கியதும் புகை அலாரம் அலற, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். பொங்கலோ பொங்கல் சொல்ல வேண்டிய நேரத்தில் "சாரி, சாரி" என்று சொன்னேன்.

லைசென்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி லைசென்ஸ். ஆனால் பல மாநிலங்கள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அதில் ஒரு மாநிலத்தில் வாங்கிய லைசென்ஸ் மற்றவற்றிலும் செல்லும். டெக்ஸாஸும் நார்த் டகோட்டாவும் அதில் உண்டு. ஃபார்கோவை ஒட்டி ரெட் ரிவர் ஓடுகிறது. அக்கரையில் மினசோட்டா. அது அப்போது ஒப்பந்தத்தில் இல்லை. இந்தக் கரையில் நான் நர்ஸ், பாலம் தாண்டினால் சாமான் வாங்க வந்தவள்.

இனி, சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

டிராவல் நர்ஸுக்குப் பயிற்சி என்பது ஓரிரு ஷிஃப்ட்தான். முதல் நாள் அங்கிருந்த சார்ஜ் நர்ஸ், என்னைவிட பத்து வயது சின்னவள், "வார்டைச் சுற்றிக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். 30 வருட சர்வீஸ் போட்டவளுக்கு வார்டு சுற்றிக் காட்டுவதா? "வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் இரவு, முதன்முதலாகத் தனியாக டியூட்டி. அதிகாலை மூன்று மணி இருக்கும். எழுபது வயது விவசாயி ஒருவர், சர்க்கரை நோயாளி. உடம்பெல்லாம் வேர்த்து, கூப்பிட்டால் உளறுகிறார். சர்க்கரை பார்த்தால் 38. வாயில் எதுவும் கொடுக்க முடியாத நிலை. டி-50 என்று நாங்கள் சொல்லும் குளுக்கோஸ் ஊசியை உடனே நரம்பில் போட வேண்டும். ஹூஸ்டனில் கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்து வந்திருப்பேன். இங்கே அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. மருந்து அறைக்கு ஓடினேன். ஓர் அலமாரியைத் திறந்தேன், இன்னொன்றைத் திறந்தேன். அப்போதும் வாய் திறந்து கேட்கவில்லை. தேடிக்கொண்டிருந்தது ஒரு நிமிடம்தான் இருக்கும். ஆனால் அந்த நிலையில் மூளைக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

வாசலில் வந்து நின்ற நர்சிங் உதவியாளர், இருபது வயதுப் பெண், "என்ன வேண்டும்?" என்றாள். அப்போதுதான் சொன்னேன்: "இங்கே எது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை." அவள் ஒரு குரல் கொடுத்தாள். சார்ஜ் நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள். சில நிமிடங்களில் பெரியவர் கண் திறந்து, "எதற்கு இத்தனை பேர் நிற்கிறீர்கள்?" என்று கேட்டார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் காலையில் காரும் கிளம்பாமல் நின்றபோது, ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். அந்த உதவியாளர் பெண்தான் தன் பாட்டரியிலிருந்து கேபிள் போட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுத்தாள். என்ஜினுக்குப் பிளக் எங்கே போடுவார்கள் என்றும் சொன்னாள்.

அன்று இரவே சார்ஜ் நர்ஸிடம் போய், "இப்போது சுற்றிக் காட்டுகிறாயா?" என்று கேட்டேன். கையில் ஒரு சின்ன நோட்டு. எமர்ஜென்சி வண்டி எங்கே, ஆக்சிஜன் எங்கே, எந்த எண்ணுக்குப் போன், எந்தக் கதவுக்கு என்ன எண், இரவில் எந்த டாக்டரை எழுப்பலாம் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு கேட்பதற்கு நான் வெட்கப்படவே இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் என்னிடம் பேசவே ஆரம்பித்தார்கள்.

அந்தப் பெரியவர்தான் ஆற்றைப் பற்றிச் சொன்னார். ரெட் ரிவர் வடக்கு நோக்கி ஓடுகிறது. வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகிவிடும். வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். வருகிற தண்ணீர் போக வழியில்லாமல் இந்தத் தட்டையான நிலத்தில் பரவும். "மார்ச் வரை இருப்பாயானால் பார்ப்பாய்" என்றார். எங்கள் வைகையில் தண்ணீர் வந்தால்தான் செய்தி என்று சொன்னேன். நம்பவே இல்லை.

மார்ச்சில் அவர் சொன்னது நடந்தது. ஆற்றில் 18 அடி வந்தாலே வெள்ளம் என்று கணக்கு. மார்ச் 28 அன்று 40.84 அடி. 1897-இல் வந்த வெள்ளத்தையும் தாண்டிவிட்டது. ஊரே மணல் மூட்டை கட்டியது. பள்ளிப் பிள்ளைகள், பாட்டிகள், எல்லாரும். மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் நோயாளிகளை வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள்.

என் ஒப்பந்தம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. கணவர் போனில், "கிளம்பி வந்துடு, மிச்சத்தைப் பார்த்துக்கலாம்" என்றார். அன்று மாலை சார்ஜ் நர்ஸ் என்னிடம் வந்தாள். அவள் வீடு ஆற்றுக்கு மிக அருகில். "என் ஷிஃப்டை நீ பார்க்க முடியுமா?" என்று கேட்டாள். 12 வாரத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி.

யோசித்துப் பார்த்தேன். அந்த வார்டில் வேலை செய்த எல்லாருக்கும் காப்பாற்ற ஒரு வீடு இருந்தது. எனக்கு மட்டும்தான் அங்கே வீடு இல்லை. நின்று வேலை பார்க்க என்னால்தான் முடியும். அந்த வாரம் அவளுக்கு இரண்டு இரவு, அந்த உதவியாளர் பெண் இல்லாதபோது அவள் வேலையும் சேர்த்து இன்னொரு இரவு பார்த்தேன். ஊர் பெரும்பாலும் தப்பியது. அவள் வீடும் தப்பியது. கிளம்புவதற்கு முன் கூட்டிப்போய்க் காட்டினாள். கொல்லைப் பக்கம் எங்கள் இருவரையும்விட உயரமாக மணல் மூட்டைச் சுவர். அதன் அருகில் நின்று காபி குடித்தோம்.

அந்தப் பணத்தில் மகளுக்கு ஒரு செமஸ்டர் கட்டினேன், வீட்டுக் கடன் நான்கு மாதம் ஓடியது. அதன் பிறகு இன்னும் மூன்று மாநிலங்களுக்குப் போனேன். எங்கே போனாலும் முதல் நாள் அந்த நோட்டு கையில் இருக்கும்.

அம்மாடி, தைரியமாகப் போ. ஒப்பந்தத்தை வரி விடாமல் படி. இடையில் ரத்து செய்தால் வாடகையை யார் கொடுப்பது என்று எழுத்தில் வாங்கு. மற்றபடி உன் வேலை உனக்குத் தெரியும். முதல் நாள் யாராவது "சுற்றிக் காட்டட்டுமா?" என்று கேட்டால் மட்டும், உடனே "சரி" என்று சொல்லிவிடு.