சீசாவில் அடைத்த வரம்

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. 'கழுதை வயசாகியும் மந்திரவாதிக் கதையை விடமாட்டேங்கிறியே' என்று திட்டியிருக்கிறீர்கள். 1972-ல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியை பைண்ட் பண்ணி, அத்தையைக்கூடத் தொடவிடாமல் பூட்டி வைத்திருப்பவர் சொல்கிற பேச்சா இது? போகட்டும். திட்டி முடித்துவிட்டு, 'எது தேறும், எதை அனுப்புவாய்' என்றும் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு பதில் எழுதுகிறேன்.

தேறாததை முதலில் சொல்லிவிடுகிறேன். டிராகன் ஏறிப் போரிடப் பழகும் ஒரு ராணுவக் கல்லூரிக் கதை, 'ஃபோர்த் விங்'. 2023-ல் வந்தது. எங்கே போனாலும் அதே பேச்சாக இருந்ததால் நானும் வாங்கினேன், பாதியில் மூடிவிட்டேன். டிராகன்கள் நன்றாகத்தான் பேசுகின்றன, மனிதர்கள் வாயைத் திறந்தால்தான் தூக்கம் வருகிறது. ஆளுக்கு ஒரு டிராகன் என்பது அங்கே வழக்கம். நம் கதாநாயகிக்கு மட்டும் இரண்டு! இப்படிச் சலுகை கொடுத்துக்கொண்டே போனால் அவளுக்காக நாம் எதற்குப் பயப்படவேண்டும்?

எனக்கு இப்போது பிடிப்பதெல்லாம் இதற்கு நேரெதிர். மந்திரம் இருக்கும். ஆனால் அது யார் கையில் இருக்கிறது, யாருக்கு இல்லை என்கிறார்கள், அதற்கு எந்த ஆபீசில் போய் நிற்கவேண்டும் என்பதில்தான் கதை ஓடும். அப்படி ஒரு படக்கதைதான் 'ஷுபைக் லுபைக்'. எழுதி வரைந்தவர் தீனா முகமது என்ற எகிப்தியப் பெண். அரபியில் மூன்று பாகம். முதல் பாகத்துக்கே 2017-ல் கெய்ரோ காமிக்ஸ் விழாவில் பெரும்பரிசு கிடைத்தது. பிறகு அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 2023-ல் மூன்றும் ஒரே தடிப் புத்தகமாக வந்தன.

களம் இன்றைய கெய்ரோதான். அதே நெரிசல், அதே கார் ஹாரன். ஒன்றே ஒன்று கூடுதல்: அங்கே வரங்களைச் சீசாவில் அடைத்து விற்கிறார்கள். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம். முதல் தரம் கேட்டதைக் கேட்டபடி கொடுக்கும், ஆனால் விலை யானை விலை. மூன்றாம் தரம் மலிவு, விஷமமும் அதில்தான். இளைக்கவேண்டும் என்று கேட்டால் ஒரு கையையோ காலையோ எடுத்து எடையைக் குறைத்துவிடும். இந்த மட்டமான சரக்குக்கு அந்த உலகத்தில் 'டெலெசெப்ஸ்' என்று பெயர். சூயஸ் கால்வாயை வெட்டிய அதே பிரெஞ்சுக்காரர்தான்! இந்தக் குசும்புக்காகவே இன்னொரு முறை படிக்கலாம். பாகங்களுக்கு நடுவில் கலரில் சில பக்கங்கள் வரும்: வரங்கள் எங்கே தோண்டப்படுகின்றன, எந்த நாடுகள் அதை அள்ளிக்கொண்டு போயின, என்ன சட்டம் என்றெல்லாம், பாடப்புத்தகம் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு.

அசீசாவைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். ஏழை விதவை. வருஷக்கணக்கில் கிடைத்த வேலையெல்லாம் செய்து, காசு காசாகச் சேர்த்து ஒரு முதல் தர வரத்தை வாங்கிவிடுகிறாள். வாங்கினால் ஆயிற்றா? அரசாங்கத்தில் பதிவு செய்யவேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரே சந்தேகம்தான்: இவளுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? சீசாவை வாங்கி வைத்துக்கொண்டு, விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போடு என்கிறார்கள். மாட்டேன் என்கிறாள். தூக்கி உள்ளே போட்டுவிடுகிறார்கள். இங்கே வில்லன் என்று தனியாக யாரும் இல்லை மாமா. பேனா பிடித்த கைகள்தான். அசீசாவும் வசனம் பேசிக் கொந்தளிப்பதில்லை. பெரும்பாலான கட்டங்களில் உதட்டை இறுக்கிக்கொண்டு சும்மா இருக்கிறாள். அந்த மௌனத்தைக் கோட்டில் கொண்டுவந்திருக்கிறாரே, அதற்கு எத்தனை பரிசும் தகும்.

ஜின்னை அவர் வரைந்திருக்கும் விதத்தையும் சொல்லவேண்டும். நம் அலாவுதீன் படத்தில் வருகிற மொட்டைத்தலை பூதம் இல்லை. அரபி எழுத்தையே நீட்டி, வளைத்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னி விட்டிருக்கிறார். எழுத்தே அதற்கு உடம்பு. எனக்கு ஒரு அட்சரம் அரபி தெரியாது, இருந்தும் அந்தப் பக்கத்தைத் திருப்ப மனசு வரவில்லை.

கதை சுற்றிவருவது மூன்று முதல் தர வரங்களை. அவற்றை விற்பவர் ஷுக்ரி என்ற பெட்டிக்கடைக்காரர். அப்பா விட்டுப்போன சொத்து அவை. வரம் கேட்பது மார்க்கத்துக்கு விரோதம் என்று நம்புகிறவர், அதனால் தானும் தொடமாட்டார். ஒன்று அசீசாவுக்குப் போகிறது. இன்னொன்று நூர் என்கிற பணக்கார வீட்டுக் கல்லூரிப் பிள்ளைக்கு. எல்லாம் இருந்தும் மனச்சோர்வு. வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாமா, கூடாதா என்று தவிப்பதைப் பக்கம் பக்கமாக வரைபடங்களாகவே போட்டிருக்கிறார். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வாடிக்கையாக வருகிற ஷவ்கியா பாட்டிக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், கடைசி வரத்தை ஷுக்ரி அவருக்கு இனாமாகவே கொடுக்கப் பார்க்கிறார். பாட்டி வேண்டாம் என்கிறார். ஏன் என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

நாவலில் என்னைப் பிடித்து உலுக்கியது 'த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்'. வஜ்ர சந்திரசேகர, கொழும்புக்காரர், 2023-ல் வந்த முதல் நாவல். நெபுலா விருதும் வாங்கியது. குழந்தை பிறந்த உடனே தாய்க்காரி அதன் நிழலைப் பித்தளை ஆணியால் தரையில் அடித்துப் பிய்த்தெடுத்துவிடுகிறாள். ஆரம்பமே அதுதான்! ஊர் உலகம் மகானென்று கும்பிடுகிற அப்பனைக் கொல்வதற்காகவே பையனை வளர்க்கிறாள். பையன் என்ன செய்கிறான் தெரியுமா? இந்த வேலையே வேண்டாம் என்று பெருநகரத்துக்குப் போய்விடுகிறான். அங்கே அவனைப் போலவே ஏதோ ஒரு பெரிய விதிக்காக வளர்க்கப்பட்டு, கடைசியில் கழித்துவிடப்பட்டவர்கள் கூடிப் பேசுவதற்கு ஒரு சங்கம் இருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது.

அந்த நகரம் கற்பனைதான். ஆனால் சாதி, இனம் பிரித்து எழுதும் படிவங்கள், கும்பல் வெறியாட்டம், கொள்ளைநோய், ஆட்களை அடைத்துவைக்கும் முகாம் எல்லாம் குரலே உயராமல் வந்துபோகின்றன. இலங்கையின் 83 ஜூலைக் கலவரத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. சிங்களத்துப் பெயர் கொண்ட ஒருவர் பௌத்தப் புராணத்தையே உள்ளேயிருந்து திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை. நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, பெயர்கள் குழம்புகின்றன. கதையை நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பது யார் என்பது வெகு தாமதமாகத்தான் தெரியும், அதுவரை விடாதீர்கள்.

அத்தைக்கு 'பிரனேசி'. சுசானா கிளார்க் 2004-ல் மந்திரவாதிகளைப் பற்றி ஒரு பிரமாண்டமான நாவல் எழுதிப் பெயர் வாங்கினார். பிறகு நெடுநாள் நோய். அடுத்த நாவலுக்குப் பதினாறு வருஷம் ஆயிற்று. 2020-ல் வந்தபோது இது சின்னஞ்சிறு புத்தகம். முடிவே இல்லாத ஒரு மாளிகை, கூடம் கூடமாகச் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் ஏறி இறங்குகிறது. அதில் ஒருவன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இன்னொருவன் வந்து பார்ப்பான். அங்கே கிடக்கும் எலும்புக்கூடுகளுக்கு இவன் சாப்பாடும் தண்ணீரும் அல்லிப்பூவும் கொண்டுபோய் வைக்கிறான். யாரும் சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று வைக்கிறான். அவனை ஏமாற்றுகிறார்கள் என்பது அவனுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். சீக்கிரம் புரிந்துகொள்ளேன் என்று ஒரு மனசு சொல்லும், புரியவே வேண்டாம் என்று இன்னொரு மனசு.

படக்கதையில் இன்னும் இரண்டு. 'மான்ஸ்ட்ரஸ்' ஓவியத்துக்காக மட்டும். சனா டகேடா ஒவ்வொரு பக்கத்தையும் பட்டுப்புடவை பார்டர் போல இழைத்திருக்கிறார், கதை எனக்குப் பிடிபடவில்லை. 'சாகா' உங்களுக்குப் பிடிக்கும். சண்டையிடும் இரண்டு இனத்தில் பிறந்த ஜோடி, கைக்குழந்தையோடு ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். யாராவது பொய் சொன்னால் உடனே 'பொய்' என்று போட்டுடைக்கும் பெரிய பூனை ஒன்றும் உண்டு. 2018-ல் 54-வது இதழோடு நிறுத்தி, 2022 ஜனவரியில்தான் மறுபடி தொடங்கினார்கள். லயன் காமிக்ஸுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துக் கிடந்தவருக்கு இதெல்லாம் ஒரு காத்திருப்பா? சில பக்கங்கள் பச்சையாக இருக்கும், பேரப்பிள்ளைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷுபைக் லுபைக்கையும் பிரனேசியையும் இந்த வாரம் கூரியரில் போடுகிறேன். மற்றதைப் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். ஷுபைக் லுபைக்கை வலமிருந்து இடமாகப் புரட்டவேண்டும், அட்டை தப்பாக ஒட்டியிருக்கிறது என்று எனக்கு போன் போடாதீர்கள். அசீசா செய்ததைப் பற்றி மட்டும் உடனே எழுதுங்கள். 'பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம்' என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. நான் அசீசா கட்சி. இந்த வீட்டில் மூன்றாவது ஓட்டு இல்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்