வடபுலத்து வேனிலும் முன்னறிவிப்பும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் எனப் பருவம் பகுத்தனர் நம் முன்னோர். இப்பகுப்பைக் கையிற்கொண்டு கங்கைச் சமவெளியை நோக்குவோமாயின் ஒரு வேறுபாடு புலப்படும். அங்கே முதுவேனிலினும் இளவேனிலே கொடியது. ஆனித் திங்களின் நடுவில் பருவமழை அங்கு எட்டிவிடுகிறது. தில்லிக்கு மழை வந்துசேரும் இயல்பான நாள் ஜூன் 27. அதற்கு முந்திய இரண்டு திங்களே அம்மக்களுக்குச் சோதனைக் காலம்.

காரணம் எளிது. அச்சமவெளியின் பெரும்பகுதி கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ளது. அறுவடை முடிந்த வயல்கள் காய்ந்து கிடக்கும். வானில் மேகம் இராது. மேற்கே இராஜஸ்தான் பாலையிலிருந்து வறண்ட வெங்காற்று பகற்பொழுதெல்லாம் வீசும். அதனை அவர்கள் ‘லூ’ என்பர். இடையிடையே ‘ஆந்தி’ எனும் புழுதிப்புயலும் இடிமழையும் ஓரிரு நாள் குளிர்ச்சி தரும். அதுவும் அச்சமற்றதன்று. 2018 மே 2 அன்று வீசிய புயலில் உத்தரப்பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஒரு வைகாசியில் இலக்னோவிலிருந்து வாரணாசிக்கு இரயிலில் சென்றபோது அக்காற்றை நாம் அறிந்தோம். சன்னற்கம்பி கையைச் சுட்டது. சிறு நிலையங்களில் இளைஞர்கள் குடத்துடன் ஓடிவந்து, யார் எவர் என்று கேளாமல், பயணிகளின் குப்பிகளில் நீர் நிரப்பினர். தலையையும் முகத்தையும் துண்டால் மூடிக்கொண்டு தண்டவாளம் செப்பனிட்டவர்களோ நண்பகலிலும் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அன்றைய கூலி இல்லை என்றார் உடன் பயணம் செய்த பெரியவர் ஒருவர்.

இவ்வெம்மையை முன்கூட்டி அறிய இயலுமா? இந்திய வானிலை ஆய்வுத்துறை தோன்றியது 1875இல். அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கியதே நம் முன்னோர் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று சொல்லிக் கலங்கிய கொடும்பஞ்சம். அத்துயரின் பின்னரே, துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயத்தின் பனிப்பரப்பைக் கொண்டு மழையை முன்னறிய முயன்றார். 1886இல் முதல் பருவ முன்னறிவிப்பு வெளிவந்தது. இன்றோ மழைக்கு மட்டுமன்றி வெயிலுக்கும் முன்னறிவிப்பு உண்டு. கோடை தொடங்கும் வேளையிலேயே, எப்பகுதியில் வெப்பம் இயல்பினும் மிகக்கூடும், வெப்ப அலை நாட்கள் எவ்வளவு கூடக்கூடும் என்பவற்றை அத்துறை அறிவிக்கிறது. இது சோதிடமன்று, வாய்ப்பின் அளவைக் கூறும் கணிப்பு. சமவெளியில் வெப்பநிலை 40 பாகையை எட்டி, இயல்பினும் 4.5 பாகை மிகுமாயின் அது வெப்ப அலை எனப்படும். 45 பாகையை எட்டினாலும் அவ்வாறே.

இக்கணிப்பு வடவர்க்கு மட்டும் உரியதன்று. 2022 மார்ச், 1901 முதலான பதிவுகளில் நாட்டின் மிக வெப்பமான மார்ச்சாக அமைந்தது. கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் கோதுமை மணிகள் சுருங்கின. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அவ்வயல்களின் வெயில் உலகச் சந்தையையே தொட்டது.

ஆயினும் அறிவது வேறு, காப்பது வேறு. 2024 ஜூன் 1 அன்று உத்தரப்பிரதேசத்தில் இறுதிக்கட்ட வாக்குப்பதிவு. வெப்ப அலை எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எனினும் முப்பதுக்கு மேற்பட்ட தேர்தல் பணியாளர்கள் வெம்மையால் உயிர்நீத்ததாக மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியே அறிவித்தார். அறிவிப்புக்குக் குறையில்லை, அது நிழலாகவும் நீராகவும் வேலைநேர மாற்றமாகவும் உருக்கொள்ளாததே குறை. 2010இன் கொடிய கோடைக்குப் பின் அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. எச்சரிக்கை வந்த நாளில் எந்த அலுவலர் என்ன செய்ய வேண்டும், மருத்துவமனை எவ்வாறு ஆயத்தமாக வேண்டும், எங்கே தண்ணீர் வைக்க வேண்டும் என்பன அதில் முன்னரே வரையறுக்கப்பட்டன. வட நகரங்கள் பலவும் பின்னர் அவ்வழியில் திட்டங்கள் வகுத்தன. ஏட்டில் உள்ளது தெருவுக்கு வர வேண்டும்.

நம் ஊரில் எழும் கட்டடங்களில் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். அவர்தம் பெற்றோரும் மக்களும் அச்சமவெளியிலேயே வாழ்கின்றனர். செய்தித்தாளின் ஒரு மூலையில் ‘வட மாநிலங்களில் வெப்ப அலை’ எனக் கண்டால், அயலார் செய்தி என்று நாம் பக்கம் புரட்டுதல் தகுமா? அச்செய்தி நம் அண்டையில் செங்கல் சுமப்பவரின் வீட்டுச் செய்தி. அன்று அவரிடம், “ஊரில் அனைவரும் நலமா?” என்று ஒரு சொல் கேட்போம், பருகக் குளிர்ந்த நீரும் தருவோம்.