மொட்டைமாடியில் டென்ட்

திங்கள்

டென்ட் போட்டுத் தங்க நெய்யாறா, பேப்பாறையா என்று ராத்திரிச் சாப்பாட்டில் வாக்குவாதம். நெய்யாறுதான் கிட்டே, அணையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றாள் மனைவி. அன்றைக்கே திரும்ப டென்ட் எதற்கு என்றான் பையன். நியாயம்தான். அத்தை மோர் சாதத்திலிருந்து தலை தூக்காமல், "அங்க முதலை இருக்கு" என்றாள். பேப்பாறை ஜெயித்தது.

செவ்வாய்

டென்ட் வந்தாயிற்று. நீலம், நாலு பேருக்கானதாம். எந்த நாட்டு நாலு பேரோ.

புதன்

வனத்துறைக்குப் போன் செய்தேன். "டென்டா? பற்றில்ல சாரே." முடியாதாம். பேப்பாறை சரணாலயம், உள்ளே நுழையவே அனுமதி வேண்டும், 1972 வனவிலங்குச் சட்டம் அப்படி. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் அவர்கள் விடுதியில் தங்கலாம். அடுப்பு மூட்டக்கூடாது, பிளாஸ்டிக் கூடாது. தண்ணீர்க் கரையில் அரிசி களைந்து கல்லடுப்பு வைப்பதாக நான் கட்டியிருந்த கோட்டை அந்த ஒரு போனோடு இடிந்தது. உள்ளூர நிம்மதி. எனக்குக் கல்லடுப்பு மூட்டத் தெரியாது.

வியாழன்

வாங்கிய டென்டை என்ன செய்ய? மொட்டைமாடியில் அடித்தோம். சிமென்ட் தரையில் முளை இறங்குமா? இரண்டு கயிற்றைக் கைப்பிடிச் சுவரின் கம்பியில் கட்டி, மற்ற இரண்டையும் தண்ணீர் டேங்கைச் சுற்றி இழுத்தோம். அக்ரஹாரத்தில் நாலு வீட்டு மாடியிலிருந்து வேடிக்கை. கோயில் மணி அடித்தபோது டென்ட் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது.

கயிறு கட்டும்போதுதான் உறைத்தது. இந்த டேங்கில் நிற்பதே பேப்பாறைத் தண்ணீர்தானே. கரமனையாற்றில் அணை கட்டியது 1983-ல், திருவனந்தபுரம் நகரத்துக் குடிநீருக்காகவே. 1933-லிருந்து அருவிக்கரை கொடுத்துவந்த தண்ணீர் போதாமல், அதற்கு மேலே காட்டுக்குள் இன்னொரு தேக்கம். அதைச் சுற்றியுள்ள 53 சதுர கிலோமீட்டர் காடு அணை வந்த அதே வருஷம் சரணாலயமானது. அங்கே பெய்கிற மழை ஆற்றோடு அருவிக்கரைக்கு வந்து, சுத்தமாகி, குழாயில் ஏறி எங்கள் வலியசாலைக்கு வருகிறது. நாற்பது வருஷமாகக் குடிக்கிறோம். ஒருநாள் போய்ப் பார்த்ததில்லை.

பையன் மாடியிலேயே படுத்தான். பன்னிரண்டு மணிக்குக் கொசு தாங்காமல் இறங்கி வந்தான்.

சனி

எழுதிக் கேட்ட அனுமதி கிடைத்தது. சாலைக் கடைத்தெருவில் டார்ச், தார்ப்பாய், கல்லுப்பு. மழை விட்டு பத்து நாள்கூட ஆகவில்லை, அட்டை இருக்கும். ரெண்டு கிலோ உப்பா என்று கடைக்காரர் கேட்டார். "ஊறுகாய்க்கா?" "காலுக்கு" என்றேன். மேலே பேசவில்லை அவர்.

ஞாயிறு

விடியக்காலை நெடுமங்காடு, விதுரை வழியாகக் கிளம்ப வேண்டும். புளியோதரை ஆறிக்கொண்டிருக்கிறது. அத்தை வரவில்லை, முழங்கால் வலி. ஆனால் ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அங்கேர்ந்து கொஞ்சம் ஜலம் மொண்டுண்டு வா."

"அத்தை, அதே ஜலம்தான் நம்மாத்துக் குழாயில வரது."

"குளோரின் போடறதுக்கு முன்னாடி எப்படி இருக்குன்னு பார்க்கணும்டா."

மூடி இறுகவில்லை. துணி சுற்றிக் கட்டி, உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.