வடகரையில் ஒரு வலது தொடை

முப்பத்துமூன்று வயதில் கராத்தே பிரவுன் பெல்ட் வைத்திருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஆபீஸில் யாரும் நம்மிடம் அநாவசியமாகச் சத்தம் போட மாட்டார்கள். ஒரு அசௌகரியமும் உண்டு. நொண்டிக்கொண்டு வந்தால் எல்லோருக்கும் சிரிப்பு வரும். “என்ன ஸார், அடி பலமா?” என்று அட்டெண்டர் வரைக்கும் கேட்டாச்சு.

யாரும் அடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உடம்பு சூடாவதற்கு முன்பே, பக்கத்தில் நின்ற காலேஜ் பையனைவிட உயரமாகக் காலை வீசிக் காட்டப் போனேன். வலது தொடையின் பின்பக்கம் ‘சுரீர்’. பத்து நாள் ரெஸ்ட், வலி போச்சு. மறுபடி உதை, மறுபடி சுரீர். இப்படியே ஒன்றரை வருஷம். பிளாக் பெல்ட் பரீட்சை இரண்டு தடவை வந்து, என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

“டைட்டா இருக்கு, நல்லா இழுத்து விடுங்க” என்று ஆளாளுக்கு யோசனை. இழுத்தேன். நாற்காலியில் உட்காருவதே கஷ்டமாகிவிட்டது. நாலு வயசுப் பெண் “தூக்குப்பா” என்று கையை நீட்டினால், குனிவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் நிஜமாகவே பயந்தேன்.

பிஸியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். “இது ஒரு தசை இல்லை ஸார், மூணு. நீங்க உட்கார்ற எலும்புலேர்ந்து முழங்காலுக்குக் கீழே வரைக்கும் போகுது. முழங்காலை மடக்காம உதைச்சா ரெண்டு முனையும் ஒரே நேரத்துல இழுபடும். ஒரு தடவை கிழிஞ்ச இடம் மறுபடி கிழியறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. ரெஸ்ட் எடுத்தா வலி போகும், பலம் வராது” என்றார். மண்டியிட்டு உட்கார்ந்து, பின்னால் ஒருவர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் பயிற்சி ஒன்றும் சொல்லிக் கொடுத்தார். மூன்று மாசமாவது செய்யணுமாம். ஐந்து நாள் செய்தேன். போர் அடித்தது. விட்டுவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் செக்‌ஷனில் இருக்கும் வடகரைக்காரர் சொன்னார்: “கர்க்கடகத்துல எங்க ஊருக்கு வாங்க. களரியில உழிச்சில் பண்ணினா எல்லாம் சரியாகும்.” கர்க்கடகம் என்றால் நம்ம ஆடி. மழை மாசத்தில் உடம்பு எண்ணெயை நன்றாக ஏற்றுக்கொள்ளும் என்பது அங்கே நம்பிக்கை.

மேனேஜரிடம் இரண்டு வாரம் லீவ் கேட்டேன். “எதுக்கு?” என்றார். “காலால மிதி வாங்க” என்றேன். “அதுக்கு ஏன்யா கேரளா போகணும்?” என்றார்.

ராத்திரி சென்ட்ரலில் மங்களூர் மெயில் ஏறினால், காலை டிபன் நேரத்துக்கு வடகரை. சுமார் 700 கிலோமீட்டர். பாலக்காட்டில் ஆரம்பித்த மழை, வடகரை பிளாட்பாரத்தில் எனக்கு முன்னாலேயே இறங்கி நின்றது. ஆட்டோக்காரர் முதலில் லோகனார்காவு கோயிலுக்கு விட்டார். வடக்கன் பாட்டுகளில் வருகிற வீரன் தச்சோளி ஒதேனன் கும்பிட்ட அம்மன். களரியில் அரங்கேறுகிறவர்கள் இன்றைக்கும் இங்கே வந்து கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். இந்த வடகரைதான் மீனாட்சி குருக்களின் ஊரும். ஏழு வயதில் களரிக்குள் வந்தவர். எழுபதைத் தாண்டி, 2017-இல் பத்மஸ்ரீ வாங்கினார். எழுபதிலும் வாள் சுழற்றும் ஊரில், முப்பத்துமூன்றில் நான் ஆட்டோவிலிருந்து இறங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்!

நான் போனது வேறொரு சின்னக் களரி. தரை மட்டத்துக்குக் கீழே தோண்டின குழிக்களரி. 42 அடி நீளம், 21 அடி அகலம். கிழக்கே வாசல். தென்மேற்கு மூலையில் ஏழு படி வைத்த பூத்தறை, அதில் விளக்கு. வலது காலை முதலில் வைத்து, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். வலது காலா! எனக்கு அங்கேயே வலித்தது.

குருக்களுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். குப்புறப் படுக்கச் சொல்லி, தொடையை விரலால் அளந்துகொண்டே வந்து, சரியாக அந்த இடத்தில் அழுத்தினார். “அம்மா!” “எத்தனை நாளாச்சு மோனே?” “ஒன்றரை வருஷம்.” தலையாட்டினார். புதுசாகக் கிழிந்த தசையை அவர் தொடுவதே இல்லையாம். ‘பட்’டென்று சத்தம் கேட்டு, தொடை கறுத்துப்போய், நடக்க முடியாமல் வருகிறவர்களை நேரே டாக்டரிடம் அனுப்பிவிடுவாராம்.

ஏழு நாள் சவுட்டி உழிச்சில். கீழே பாய். மேலே குறுக்கே கட்டிய கயிறு. குருக்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் காலால் என் விரல் நுனியிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார். மிதிக்கிறார் என்று சொன்னால் தப்பு, சப்பாத்தி தேய்க்கிறார். ராத்திரி கர்க்கடகக் கஞ்சி. நாலாம் நாள் வலி நன்றாகக் குறைந்திருந்தது. எனக்குக் கை, கால் எல்லாம் பரபரத்தது.

ஏழாம் நாள் சாயங்காலம் பிள்ளைகள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். எட்டு வயசுப் பெண் ஒன்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, காலை நேராக வீசி உள்ளங்கையில் ‘டப்’ என்று தொட்டது. நேர்க்கால். நானும் எழுந்து நின்று...

“மெல்லே, மோனே!” குருக்கள் குரல். “இடுப்பு வரை மதி.”

இடுப்பு உயரம் தூக்கினேன். அந்தப் பெண் சிரித்தது. “ரெண்டு வருஷம் ஆச்சு இவளுக்கு. இன்னும் மெய்ப்பயற்றுதான்” என்றார் குருக்கள். முதலில் உடம்பு, பிறகு கம்பு, பிறகு இரும்பு, கடைசியில்தான் வெறுங்கை. கராத்தேயில் நாங்கள் வெறுங்கையில்தான் ஆரம்பிக்கிறோம். இவர்களுக்கு அது முடிவு!

கிளம்பும்போது கேட்டேன்: “எப்போ உதைக்கலாம்?”

“ஏழு நாள் உழிச்சில்னா ஏழு நாள் ஓய்வு. பகல்ல தூங்காதே, ராத்திரி முழிக்காதே. எண்ணெய் வலியை எடுக்கும் மோனே. பலத்தை நீதான் உண்டாக்கணும், தினமும், கொஞ்சம் கொஞ்சமா. ஒன்றரை வருஷமா நீ அந்தக் காலை ஒரு தடவைகூட குணமாக விடலையே!”

700 கிலோமீட்டர் வந்து, பிஸியோதெரபிஸ்ட் சொன்னதையே மலையாளத்தில் கேட்டுக்கொண்டு திரும்பினேன்.

இப்போது நாலு மாசமாகிறது. தினமும் ராத்திரி கூடத்தில் மண்டியிடுகிறேன். மனைவி கணுக்காலைப் பிடித்துக்கொள்கிறாள். பெண் எதிரே உட்கார்ந்து “அப்பா விழறாரு, விழறாரு” என்று கமெண்டரி கொடுக்கிறது. நேர்க்கால் மார்பு உயரம் வருகிறது. “அடுத்த பரீட்சைக்குப் பேர் கொடுக்கலாமா?” என்றார் மாஸ்டர்.

“அதுக்கடுத்ததுக்குக் குடுங்க மாஸ்டர்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பெண் “தூக்குப்பா” என்றது. தூக்கிவிட்டேன். யோசிக்கவில்லை என்பதே அப்புறம்தான் ஞாபகம் வந்தது.