பதற்றத்தைச் சுமக்கும் புரதம்

பன்றி என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் பயந்துபோன பன்றியின் ரத்தத்தில் ஏறுவதும், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் ரத்தத்தில் ஏறுவதும் ஒரே ஹார்மோன்தான். அதன் பெயர் கார்டிசால். எலிக்கும் சுண்டெலிக்கும் இந்த வேலையைப் பெரும்பாலும் கார்டிகோஸ்டீரோன் என்ற வேறொரு ஹார்மோன் செய்கிறது. மன அழுத்தத்தை ஆராய்பவர்கள் பன்றியைத் தேடிப் போக இதுவும் ஒரு காரணம்.

1936-ல் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்பவர், எலிகளுக்கு எந்த வகைத் துன்பம் நேர்ந்தாலும் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதை எழுதினார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அப்போது பெரிதாகியிருந்தது. கார்டிசால் சுரப்பது அங்கேதான். மூளை சொல்ல, பிட்யூட்டரி கேட்டு, அட்ரீனலுக்கு உத்தரவு போடுகிறது.

அப்படியென்றால் ரத்தத்தில் கார்டிசாலை அளந்தால் பதற்றம் தெரிந்துவிடுமே? அங்கேதான் சிக்கல். ரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் 90 சதவீதத்துக்கும் மேல் சும்மா இருக்காது. ஏதாவது ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் பெரும்பங்கைச் சுமப்பது கல்லீரல் தயாரிக்கும் சி.பி.ஜி. என்ற புரதம். இதை ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும், இறங்கியவர்தான் தெருவில் வேலை பார்க்க முடியும். உடலில் எங்காவது வீக்கமும் அழற்சியும் இருந்தால், அங்கே திரளும் வெள்ளை அணுக்களின் நொதி ஒன்று இந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. தேவைப்படும் இடத்திலேயே பயணிகள் இறங்கிவிடுகிறார்கள்!

இது தெரியாமல் ரிப்போர்ட்டைப் பார்த்தால் வீண் பயம்தான் மிஞ்சும். கர்ப்பிணிகளுக்கும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் சி.பி.ஜி. கூடும். அதனால் மொத்த கார்டிசால் எண் உயர்ந்து நிற்கும். மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், அந்த எண்ணைச் சரியாகப் படிக்க அவருக்கு வழி கிடைக்கும்.

பன்றிகளிலும் இதே கதை உண்டு. பிரான்ஸில் வேளாண் ஆய்வாளர்கள் சீனாவின் மெய்ஷான் இனத்தையும் ஐரோப்பாவின் லார்ஜ் ஒயிட் இனத்தையும் கலந்து பார்த்தார்கள். கார்டிசால் அளவு பன்றிக்குப் பன்றி மாறுவதற்கான தடயம் 7-வது குரோமோசோமுக்குக் கூட்டிப்போனது. சி.பி.ஜி.க்கான மரபணு இருப்பதும் அங்கேதான். ஆக, ஒரு பன்றிக்கு கார்டிசால் அதிகம் என்றால் அது அதிகம் பயந்தது என்று மட்டும் அர்த்தமில்லை. அதனிடம் பஸ்கள் அதிகம் இருந்திருக்கலாம்.

பஸ்ஸை எண்ண வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க அளவு தெரிந்த தூய புரதம் கையில் இருக்க வேண்டும். அதற்காகப் பன்றி பன்றியாக ரத்தம் எடுத்துப் பிரிப்பது பெரும்பாடு. பன்றியின் மரபணுவை பாக்டீரியாவிலோ வளர்ப்பு செல்லிலோ வைத்து, அங்கேயே புரதத்தைச் செய்துகொள்வது இன்னொரு வழி. இப்படிச் செய்வதைத்தான் ரீகாம்பினன்ட் புரதம் என்கிறார்கள். ஒரு காலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் கொடுத்தவை பன்றியும் மாடும்தான். 1982-ல் மனித இன்சுலினை பாக்டீரியாவே செய்து கொடுக்க, அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இப்போது பன்றியின் புரதத்துக்கும் அதே வசதி!

இன்னொரு தொல்லையும் உண்டு. ரத்தம் எடுக்கப் பன்றியைப் பிடித்து அழுத்தினால், அந்தப் பிடியிலேயே கார்டிசால் ஏறிவிடும். பயத்தை அளக்கப் போய் பயத்தை உண்டாக்கிய கதைதான். அதனால் பல இடங்களில் மெல்லுவதற்குப் பஞ்சையோ கயிற்றையோ நீட்டுகிறார்கள். பன்றி பாட்டுக்கு மென்றுகொண்டிருக்கும், எச்சில் கிடைத்துவிடும். சி.பி.ஜி. பெரிய புரதம் என்பதால் அது எச்சிலுக்குள் எளிதில் நுழையாது. அங்கே வந்து சேர்வது, பஸ்ஸிலிருந்து இறங்கிய கார்டிசால்.

தொழுவம் நெரிசலாக இருக்கிறதா, லாரிப் பயணம் எவ்வளவு வாட்டுகிறது என்று பன்றியிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. இந்த அளவுகள்தான் அதன் சார்பில் பேசுகின்றன. கார்டிசாலோடு அதைச் சுமக்கும் புரதத்தையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தப் பேச்சு சரியாகக் காதில் விழும்.