சுண்ணாம்புக் கோயில்

எங்கள் வம்சத்திலேயே பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சேர்க்கை விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதிக் கொடுத்தேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அப்பா காளவாயில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பவர்.

கட்டுமானப் பொருள்கள் பாடத்துக்குக் குறிப்பெடுக்க நூலகம் போனபோது ஒரு புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பச்சை மலையடிவாரத்தில் இரட்டைக் கோபுரத்தோடு ஒரு வெள்ளைக் கோயில். பசிபிக் கடலில், தாஹிட்டியிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளி மங்கரேவா என்றொரு தீவு. அங்கே ரிக்கித்தேயா ஊரில் உள்ள புனித மிக்கேல் பேராலயம் அது.

1834-இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமார் அங்கே போய் இறங்கினார்கள். 1839-இல் தொடங்கிய கோயில் வேலை 1848-இல் முடிந்தது. நடுக்கடலில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் எங்கே போவது? முருகைக்கல்லை அறுத்துச் சுவர் எழுப்பினார்கள். அதே முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பூசினார்கள். பீடத்தில் முத்துச்சிப்பி பதித்தார்கள். உள்ளே 1,200 பேர் இருக்கலாமாம்! வெளியார் கொண்டுவந்த நோய்களில் தீவுச் சனம் கரைந்துபோனது. இன்றைக்கு அந்தத் தீவுக்கூட்டம் முழுக்க எண்ணினாலும் இரண்டாயிரம் பேர் தேறமாட்டார்கள்.

லாவல் என்ற குருவானவர் சனங்களை வாட்டி வேலை வாங்கினார் என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை, மனமுவந்துதான் கட்டினார்கள் என்கிறார்கள் மறுசாரார். என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் சுண்ணாம்பு சுடுகிறவன் கண் எப்படி எரியும், கை எப்படி வெந்துபோகும் என்பது எனக்குத் தெரியும்.

படத்தை ஜெராக்ஸ் எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"மழை பெய்யிற ஊராடா?"

"ஆமாப்பா. நல்ல மழையாம். கட்டி நூத்தி எழுபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. 2010, 2011-ல பழுது பாத்திருக்காங்க."

"அத்தனை வருசம் நிக்கிதுன்னா அவசரப்படாம புளிக்க வச்சிருக்கான். சரியான வேலைக்காரன்தான். யாரு சுட்டது? பேரு போட்டிருக்கா?"

"இல்லப்பா. சாமியார் பேருதான் இருக்கு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தார்.

இந்த வருஷம் உதவித்தொகை விண்ணப்பம் வந்தது. அதே கேள்வி. கொடுத்திருந்த இடம் போதவில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினேன்: 'சுண்ணாம்புக் காளவாய்த் தொழிலாளி.'